இயல்பு நிறுவலும் எண்ணப்படாதோரும்: பணிசெயல் முறைமையின் பொதித் தேர்வு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால், கண்டற் காடுகள் சூழ்ந்த கரையில் விடத்தல்தீவு அமைந்திருக்கக் காணலாம். பெயரில் தீவு நின்றாலும் இது பெருநிலத்தைச் சார்ந்த ஊரேயாகும். விடத்தல் என்னும் முள்மரத்தின் பெயர் தாங்கிய இவ்வூரில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் பெரும்பாலும் கடலை நம்பி வாழ்ந்து வந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இவ்வூர் முஸ்லிம்களும் ஊர் நீங்க நேர்ந்தது. 2008 யூலை 16 இல் இலங்கை இராணுவம் ஊரைக் கைப்பற்றிய காலத்தில் எஞ்சியிருந்தோரும் இடம்பெயர்ந்தனர். இத்தகைய ஓர் ஊரைக் கணினி பற்றிய கட்டுரையொன்றின் முகப்பில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதிப் பாடசாலையொன்றின் கணினி அறைக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. வெளிநாட்டு அன்பர் சிலர் அனுப்பிவைத்த பழைய கணினிகள் பத்துக்கு மேல் அங்கு இருந்தன. அவற்றில் லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது. நிறுவியவர் நல்லெண்ணத்துடனேயே அதனைச் செய்திருந்தார். ஆசிரியர் ஒருவர் தம் பென்ட்ரைவைச் செருகித் தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளைத் திறந்தார். தலைப்பில் ‘தமிழ்’ என்ற சொல் நிற்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. இலங்கைத் தமிழர் கணினியில் எழுதத் தொடங்கிய காலந்தொட்டுப் பழகிய பாமினி எழுத்துரு அக்கணினியில் இல்லை என்பதே இதன் பொருள். “இணையத்தில இறக்கிப் போடலாம் எண்டு சொல்லினம், சேர். லைன் வாற நாளில கரண்ட் இல்ல” என்றார் ஆசிரியர். பின்னர் இறக்கிக்கொள்ளலாம் என்ற இவ்வாறுதல் மொழியே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

இலக்கிய மாணவராகிய வாசகர்க்காகச் சில விளக்கங்கள் இன்றியமையாதவை. எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்றும் தமிழகத்தார் இயங்குதளம் அல்லது இயக்க முறைமை என்றும் வழங்கும் மென்பொருள், ஒற்றைப் பொருளன்று. எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்புகள், உரைத் தொகுப்பிகள், படங்காட்டிகள் எனப் பல்லாயிரம் பொதிகளிலிருந்து தெரிந்தெடுத்து அடுக்கப்பட்ட தொகுதி அது. பயனர் எதுவும் கூறாதவிடத்துத் தானாகவே இடம்பெறும் பொதிகளின் கூட்டினை இயல்பு நிறுவல் எனலாம். ‘இயல்பு’ என்னுஞ் சொல்லை நாம் சற்றே ஐயத்துடன் நோக்க வேண்டியுள்ளது. வரலாற்று விளைவொன்றை இயற்கையாகவே அமைந்ததுபோற் காட்டுவதுதான் கருத்துநிலையின் தொழில். இயல்பு நிறுவல் இயல்பாக அமைவதன்று; ஒரு சிலர் கூடித் தீர்மானிப்பது.

தெரிந்து தொகுத்தல் தமிழர்க்குப் புதிய செயலன்று. எட்டுத்தொகை நூல்களின் இறுதியில் வரும் குறிப்புகள், தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் வேறொருவர் என்று வேறுபடுத்திக் கூறுவதைக் காண்கிறோம். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவனோ யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் வேந்தன். குறுந்தொகைக்கு நான்கு முதல் எட்டு அடி, நற்றிணைக்குப் பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு, அகநானூற்றுக்குப் பதின்மூன்று முதல் முப்பத்தொன்று என அடியளவு அமைந்திருப்பது தொகுப்பாளர் வகுத்த வரையறையாகும். தொகையுட் புகுந்தது ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதப்பட்டு நிலைத்தது. புகாதது தனியே தேடிப் பேணுவாரின்றி மறைந்தது. அவ்வாறு மறைந்த பாடல்கள் தரங்குறைந்தவை என்று இன்று எவராலும் உறுதி கூறவியலாது. லினக்ஸ் உலகில் வழங்கல் எனப்படும் ஒவ்வொரு தொகுதியையும் இவ்வகையான ஒரு தொகையாகவே நாம் காண்கிறோம். அவ்வாறு காணும்போது எழும் வினாக்கள் பழையனவே: அடியளவு யாது? தொகுத்தவர் யார்? தொகுப்பித்தவர் யார்?

வணிக முறைமையை முதலில் நோக்குவோம். தமிழ் எழுத்துகள் 1991 இல் வெளிவந்த யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. சிங்களம் 1999 இன் மூன்றாம் பதிப்பிலேதான் அவ்விடத்தைப் பெற்றது. இம்முந்துகை இலங்கைத் தமிழர் பெற்ற வெற்றியன்று. இந்திய அரசின் குறியீட்டுத் தரத்தைப் பின்பற்றி இந்திய எழுத்துகள் ஒருங்கே சேர்க்கப்பட்டதன் பயனே அது. 2000 ஆம் ஆண்டில் வெளியான வின்டோஸ் 2000, ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துருவைக் கொண்டிருந்தது. ஆயின் அடுத்த ஆண்டு வெளிவந்து உலகெங்கும் பரவிய எக்ஸ்பீயில் நிகழ்ந்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆங்கிலப் பதிப்பில் தமிழ், அரபு, ஈபுரு, தாய் முதலிய எழுத்துமுறைகளைச் சரிவரக் காட்டும் கோப்புகள் இயல்பாக நிறுவப்படவில்லை. மொழி அமைப்புகளுக்குட் சென்று, ‘சிக்கலான எழுத்துமுறைகள்’ என்ற வரிக்கு அருகிலிருந்த வெறுங்கட்டத்திற் குறியிட்டு, நிறுவல் இறுவட்டை உள்ளிட்டாலன்றி அவை வரமாட்டா. இறுவட்டில்லாத பழைய கணினியை வாங்கியவர் என் செய்வார்? (சிக்கல் என்பது உரோம எழுத்துப் பழகியவர் கண்ணுக்குத் தோன்றும் சிக்கல். அ, ஆ எழுதிப் பழகிய பிள்ளைக்கு அதிற் சிக்கல் யாதுமில்லை.)

இடப்பற்றாக்குறையே காரணம் என வாதிடுவோர் உளர். அக்கட்டத்திற் குறியிட்டதும் திரையில் தோன்றிய அறிவிப்பு, இக்கோப்புகளுக்குப் 10 மெகாபைற் அல்லது அதற்கு மேல் இடம் தேவைப்படும் எனக் கூறியது. எக்ஸ்பீ நிறுவுவதற்கென அக்கும்பனி கேட்ட வன்தட்டு இடமோ 1.5 கிகாபைற். நூற்றில் ஒரு பங்கையும் எட்டாத இடத்துள் அரபுலகமும் இந்தியத் துணைக்கண்டமும் தாய்லாந்தும் வியட்நாமும் அடங்கின. அவ்விடமும் கேட்டாலன்றிக் கொடுக்கப்படாததாயிற்று. பண்டமாக விற்கப்படும் மென்பொருளில் இயல்பு என்பது, விலை கொடுத்து வாங்கும் பெருந்தொகையினரின் இயல்பே. ஆங்கிலப் பதிப்பை விலை கொடுத்து வாங்குவோர் தமிழில் எழுதமாட்டார் என்ற கணிப்பு அதிற் பொதிந்திருந்தது. 2007 இல் பொதுச் சந்தைக்கு வந்த விஸ்ற்றாவிலேதான் இக்கோப்புகள் இயல்பு நிறுவலினுள் வந்தன. எக்ஸ்பீக்கான ஆதரவு 2014 ஏப்பிரலில் முடிவுற்ற பின்னரும் எமது ஊர்களில் அதன் ஆயுள் முடியவில்லை.

முற்போக்கு வாசகர் இவ்விடத்து, ஏகபோக மூலதனத்திடம் வேறெதனை எதிர்பார்ப்பது என வினவக்கூடும். நியாயமே. ஆதலாற்றான் இலாப நோக்கற்ற கூட்டுழைப்பால் உருவாகும் லினக்ஸ் வழங்கல்கள் எமக்கு அதிக ஆர்வத்தைத் தருகின்றன. 1993 இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன் அவற்றுள் தலையாயது. அதன் தீர்மானங்கள் யாவும் வெளிப்படையானவை. அதனை உருவாக்குவோர் தன்னார்வலர். அதன் கொள்கை ஏட்டை எவரும் படிக்கலாம். அவ்வேட்டில் பொதிகளுக்கு முதன்மை வரிசை வகுக்கப்பட்டுள்ளது. முறைமை இயங்குவதற்கு இன்றியமையாதவை முதல் வரிசை. அடுத்த வரிசையான ‘முக்கியம்’ என்பதற்கு ஏடு தரும் உரைகல் சுவையானது. யூனிக்ஸ் முறைமையிற் பழுத்த அனுபவமுடைய ஒருவர், குறித்த பொதி இல்லாமை கண்டு ‘இதென்ன அநியாயம், அது எங்கே?’ என்ற கருத்துப்படத் திகைப்பாராயின் அப்பொதி முக்கியமானது.

தொழில்நுட்ப நூலொன்றில் இத்துணை வெளிப்படையாகச் சமூகவியல் பேசப்படுவது அரிது. பொதியின் முக்கியத்துவம் அப்பொதியில் இல்லை. ஒரு மனிதரின் திகைப்பில் உள்ளது. அம்மனிதர் யார்? அனுபவமுடையவர், அதாவது ஏற்கெனவே உள்ளே இருப்பவர். வழக்கு என்பது உயர்ந்தோர் வழக்கே என்று விதித்த எமது இலக்கண மரபினை இது நினைவூட்டுகிறது. அங்கும் மொழியை நாடோறும் வழங்கிய உழவரும் பரதவரும் வழக்கிற்குச் சான்றாகவில்லை. விடத்தல்தீவு ஆசிரியரும் தம் வினாத்தாள் முன் திகைக்கத்தான் செய்தார். அவர் திகைப்பை எழுதிக்கொள்ள எந்த ஏட்டிலும் பத்தி இல்லை.

திகைப்பு ஒருவருடைய தற்சார்பானது, எண்ணிக்கையே நடுநிலையானது எனலாம். டெபியன் எண்ணவுஞ் செய்தது. எந்தப் பொதிகள் எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டுள்ளன, எவை உண்மையிற் பயன்படுத்தப்படுகின்றன என்பதைத் திரட்டி வாரந்தோறும் இணையவழி அனுப்பும் சிறு பொதியொன்று அதற்கென உண்டு. அதன் பெயரே பொதிகளின் மக்கள் செல்வாக்குப் போட்டி என்னும் பொருளுடையது. அவ்வாறு திரண்ட கணக்கைக் கொண்டு, எப்பொதிகளை முதலாம் இறுவட்டில் வைப்பது, எவற்றைப் பின்னுள்ள வட்டுகளுக்குத் தள்ளுவது என்ற வரிசை முடிவு செய்யப்பட்டது. நிறுவும்போது இக்கணக்கெடுப்பிற் சேர்வீரா என்ற வினா எழும். இயல்பு விடை ‘இல்லை’ என்பது. தனிமனித அந்தரங்கத்தைப் பேணும் அவ்வேற்பாட்டை நாம் குறைகூறவில்லை. எனினும் விளைவை மறுக்கவியலாது. இணையத்தோடு ஓயாது தொடர்புடைய, வினாவை விளங்கி ஆம் என்று விடையளித்த கணினிகளே எண்ணப்படும். எண்ணப்பட்டவர்க்குரிய பொதிகள் முதல் வட்டில் ஏறும். இணையமற்று வட்டினையே நம்பியிருப்போருக்கு முதல் வட்டு உயிர்நிலை. இணையமுள்ளோருக்கு அது எவ்வாறிருந்தாலும் ஒன்றே. முதல் வட்டு எவருக்கு மிகத் தேவையோ அவருக்கு அதனை நிரப்புவதில் வாக்கில்லை. இந்த முரண்பாட்டையே எமது கட்டுரையின் மையமாகக் கருதுகிறோம்.

எண்ணப்படாமை மன்னார்க் கரையோரத்துக்குப் புதிதன்று. 1981 குடிசன மதிப்பீட்டின் பின்னர் இலங்கை முழுவதையும் தழுவிய மதிப்பீடு 2012 வரை நடைபெறவில்லை. 2001 இல் எடுக்கப்பட்ட கணக்கு வடகிழக்கின் பல மாவட்டங்களில் நிறைவுபெறவில்லை, மன்னாரும் அவற்றுளொன்று. முப்பத்தொரு ஆண்டுக் காலம் அரச ஏடுகளில் இம்மக்கள் மதிப்பீடுகளாகவும் அனுமானங்களாகவுமே இருந்தனர். வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம்களோ, எவ்வூர்ப் பதிவில் தம்மை எண்ணுவது என்ற வழக்கை இன்றுவரை சுமக்கின்றனர். ஒதுக்கீடு கணக்கை ஒட்டியே வரும் என்பதை இவ்வூரார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி அடியளவு பற்றி. 2004 ஒக்டோபரில் முதல் வெளியீடு கண்ட உபுண்டு, ஒரேயோர் இறுவட்டில் அடங்கும் முறைமை என்பதையே தன் சிறப்பாகக் கொண்டது. ஏறத்தாழ 700 மெகாபைற் என்ற எல்லை ஓர் ஒழுங்கினை அளித்தது: ஒன்று புகவேண்டுமாயின் மற்றொன்று வெளியேற வேண்டும். 2009 நவம்பரில் கூடிய அதன் உருவாக்குநர்கள், கிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருளை 2010 ஏப்பிரல் வெளியீட்டின் இயல்பு நிறுவலிலிருந்து நீக்க முடிவு செய்தனர். பெரும்பாலார்க்கு அது மிகைப்பொருள், இடத்தையும் அடைக்கிறது என்பது அவர்தம் வாதம். அம்முடிவு பலத்த எதிர்ப்பைக் கிளப்பியது. மொழிப் பொதிகளோ இத்துணை ஆரவாரமின்றியே வெளியே நின்றன. சில பெருமொழிகளுக்கான முழு மொழிப் பொதிகள் மட்டுமே வட்டில் இடம்பெற, ஏனையவை நிறுவலின்போதோ பின்னரோ இணையத்திலிருந்து இறக்கப்பட வேண்டியனவாயின. 2012 ஒக்டோபரில் இறுவட்டு எல்லை கைவிடப்பட்டது. எல்லை அகன்ற பின் எல்லாம் உள்ளே வந்துவிடும் என எண்ணியிருந்தோர் ஏமாந்தனர். 2023 ஒக்டோபர் வெளியீட்டில் இயல்பு நிறுவலே குறைந்தபட்ச நிறுவலாக மாற்றப்பட்டது. அலுவலகத் தொகுதி முதலியன வேண்டுவோர் அகன்ற தெரிவைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் பெருகியபோது பொதி குறைந்தமை, தடை வட்டில் மட்டும் இருக்கவில்லை என்பதைக் காட்டும். இணையம் எங்கும் எப்போதும் உண்டு என்ற எடுகோள் இதற்கிடையில் முற்றாக வென்றுவிட்டது.

நேர்மையின் பொருட்டு ஒன்றைக் கூறவேண்டும். இதே உபுண்டுத் திட்டம் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்க்கெல்லாம் இறுவட்டுகளை விலையின்றித் தபாலில் அனுப்பியது. இணையமற்றோரை ஏட்டளவிலன்றி நடைமுறையிலும் நினைவிற்கொண்ட முயற்சி அது. சென்னையில் சீடாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கி 2007 இல் வெளியிட்ட பொஸ் என்னும் வழங்கல், இந்திய மொழிகளை உடன்கொண்டே வந்தது. பேராதனைக்கு அணித்தான மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய ஹந்தானை லினக்ஸ், பெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கை ஆர்வலர் சிலரால் உருவாக்கப்பட்டது. கல்விக்கும் அன்றாடப் பாவனைக்கும் உரிய பெருந்தொகையான பொதிகளை ஒரே டீவீடியில் அடைத்துத் தந்தமை அதன் தனித்தன்மை. மேலைத்தேய விமர்சகர் இதனைப் பருமன் மிக்கது என்பர். மின்சாரமும் இணையமும் ஒருசேர வாய்க்காத ஊரில் பருமன் குற்றமாகாது. ஊருக்கு வெளியே செல்லும் படகில் நீரையும் அரிசியையும் ஏற்றிச் செல்வதை எவரும் மிகை என்பதில்லை.

தமிழ் உள்ளே வந்துவிட்டாற் போதுமா என்பது அடுத்த வினா. எந்தத் தமிழ்? தமிழகத்துக்கும் இந்திய நடுவணரசுக்கும் உரிய வழக்காறுகளே நெடுங்காலம் ‘தமிழ்’ என்ற ஒற்றைப் பெயரில் வந்தன. வின்டோசில் இலங்கைத் தமிழுக்கெனத் தனி இட அமைவு 2012 இலேதான் தோன்றியது. இன்றும் பல முறைமைகளின் நாட்காட்டி எட்டாம் மாதத்தை ஆகஸ்ட் என்றே எழுதும். எமது பிள்ளைகள் எழுதுவதோ ஓகஸ்ட். பாடநூல் பணிசெயல் முறைமை என்று கற்பிக்க, திரை இயக்குதளம் என்று காட்டும். விசைப்பலகையிலும் இதே நிலை. வின்டோஸ் இயல்பாகக் கொடுத்த தமிழ் விசையமைப்பு, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ற். தமிழக அரசு 1999 இல் தமிழ்99 ஐத் தரமாக்கியது. இலங்கையின் எஸ்.எல்.எஸ் 1326 தரமோ 2008 இல் ரெங்கநாதன் விசையமைப்பை ஏற்றது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென உரைத்து இருபத்தோர் ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த தரம் இது. சிங்களக் குறியீட்டுக்கான தரம் 1996 இலேயே வெளிவந்திருந்தது. சிங்களத்துக்கு இலங்கை அரசும், தமிழுக்கு இந்தியச் சந்தையும் தொகுப்பித்தவர்களாக அமைய, இலங்கைத் தமிழ் இரண்டிற்கும் இடையில் நின்றது.

பாமினியின் வலிமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள இயலும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஐம்பதையும் எட்டாத விசைகளுக்குள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். எவ்வெழுத்துக்குத் தனி விசை, எதற்கு இணைப்பு என்ற அவர்தம் தெரிவும் ஒருவகை இயல்பு நிறுவலே. தட்டச்சு மரபில் தழைத்த கைப்பழக்கம் ரெங்கநாதன் அமைப்புக்கும், அதனை ஒட்டிய பாமினிக்கும் வந்து சேர்ந்தது. வன்னிக்குள் உலர் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்த காலத்திலிருந்து, அச்சகத்தாரும் ஆசிரியரும் ஆலய எழுதுவினைஞரும் இவ்வெழுத்துருவிலேயே எழுதிச் சேமித்தனர். யூனிக்கோட் நோக்கில் அது எழுத்தே அன்று. உரோம எழுத்துகளுக்குப் போர்த்திய தமிழ்ப் போர்வை. தேடவோ வரிசைப்படுத்தவோ உதவாது. உரிமந் தெளிவற்ற எழுத்துருக்களுக்கு டெபியனின் முதன்மைத் தொகுதியில் இடமுமில்லை. அவ்விதி கட்டற்ற மென்பொருளின் உயிர்நாடி. அதனை நாமும் ஆதரிப்போம்.

அக்கணினி அறைக்கென இணையமின்றி நிறுவத்தக்க பொதிகளை ஒரு பென்ட்ரைவில் தொகுத்துத் தருவதாக நாம் ஒப்புக்கொண்டோம். யூனிக்கோட் எழுத்துருக்கள், ரெங்கநாதன் விசையமைப்பு, தமிழ் இடைமுகம், எழுத்துருமாற்றி, அகராதி எனப் பட்டியலிட்டு ஆசிரியர்களிடம் காட்டினோம். பாமினியை நாம் சேர்க்கவில்லை. பழைய பழக்கத்துக்கு இடங்கொடுத்தால் புதிய தரம் வேரூன்றாது என்று விளக்கவும் முற்பட்டோம். முன்னர் திகைத்து நின்ற அந்த ஆசிரியர் பட்டியலை இருமுறை வாசித்தார். “இதெல்லாம் நல்லது, சேர். ஆனா இருவது வருசத்துக் கேள்வித்தாளும் பாடக்குறிப்பும் எல்லாம் அதுக்குள்ளதானே கிடக்குது. மாத்தி முடியிற மட்டும் பிள்ளையளுக்கு எதக் குடுக்கிறது?” என்றார். எழுத்துருமாற்றி சொற்கள் சிலவற்றைச் சிதைக்கும் என்பதையும் அவரே அறிந்திருந்தார்.

எமது பட்டியலைத் தயாரிக்கும்போது எவர் திகைப்பை உரைகல்லாகக் கொண்டோம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். பட்டியலை ஆசிரியர்களிடமே விட்டுவந்தோம். இரு நாட்களின் பின் அவர்கள் திருத்தி அனுப்பியதில் அகராதி நீக்கப்பட்டிருந்தது. புள்ளி கணிக்கும் விரிதாளும் ஒளிப்படங்களைச் சிறிதாக்கும் கருவியொன்றும் புதிதாகச் சேர்ந்திருந்தன. தமிழ் இடைமுகத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி இடப்பட்டிருந்தது. பாமினி முதலிடத்தில் நின்றது.